ஒரு பாட்டுக்குள் ஓடிப்போகும் ஆறு வருடம்

தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். அரை டிரவுசர் போட்ட சிறுவன் ஓடுகிறான். கேமரா அவன் முகத்தை விட்டுக் காலுக்கு இறங்குகிறது. வெறுங்கால் ஷூ போட்ட காலாகிறது, கேமரா மேலே ஏறினால் கதாநாயகன் நிற்கிறார். பத்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் இரண்டு நொடியில் முடிந்துவிட்டது. சில படங்களில் அதே வேலையை ஒரு பாட்டின் சரணம் செய்யும். ரயில் சக்கரம், தையல் மெஷின், ஓங்கி இறங்கும் சம்மட்டி என்று கருவி மாறுமே தவிர, தாண்டிப்போவது எப்போதும் 12 முதல் 18 வரையான அதே ஆறு வருடத்தைத்தான்.

இதற்கு முதல் காரணம் கதை அமைப்பு. பழிவாங்கும் கதைக்கும் குடும்பம் பிரிந்து சேரும் கதைக்கும் இரண்டு புள்ளிகள் போதும்: காயம் படுகிற குழந்தை, கணக்கு தீர்க்கிற வாலிபன். மீசை அரும்புகிற பையன் அந்தக் கதையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது காரணம் முகம், இதைப் படம் எடுப்பவர்கள் நன்றாக அறிவார்கள். எட்டு வயதுக் குழந்தை நாயகனின் சாயலில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நிறமும் தலைமுடியும் ஓரளவு ஒத்துப்போனால் பார்ப்பவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதினாறு வயதில் மூக்கும் தாடையும் ஏறக்குறைய இறுதி வடிவத்துக்கு வந்துவிடும். அந்த வயதில் வேறொரு பையனைக் காட்டிவிட்டு, அடுத்த ரீலில் எல்லோருக்கும் தெரிந்த நட்சத்திரத்தைக் காட்டினால், இருவரும் ஒருவரே என்று நம்ப மனம் மறுக்கும். ஆகவே ஒன்று, நட்சத்திரமே மீசையை மழித்துப் பள்ளிச் சீருடை போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வயதையே தாண்டிவிட வேண்டும். நட்சத்திரத்தின் அறிமுகக் காட்சி எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவுக்கு விநியோகஸ்தர் கவலைப்படுவார் என்பதால், பெரும்பாலும் தாண்டுவதுதான் நடக்கிறது.

இந்தத் தாண்டல் கதைகளோடு நிற்கவில்லை, நடிகர்களின் வாழ்க்கையிலும் நடந்தது. கமல்ஹாசன் 5 வயதில் 'களத்தூர் கண்ணம்மா'வில் (1960) அறிமுகமாகி 1963 வரை குழந்தை வேடங்களில் நடித்தார். அடுத்த சில ஆண்டுகள் அவர் முகம் திரையில் ஏறக்குறைய இல்லை. நாடகம், நடனம், நடன உதவியாளர் வேலை என்று கழிந்த அந்தக் காலத்துக்குப் பிறகு 1973இல் 'அரங்கேற்றம்' வந்தபோது அவருக்கு வயது 18. குரல் உடைந்து, உயரம் கூடி, எந்த வேடத்துக்கும் பொருந்தாமல் ஒரு பையன் நிற்கிற வருடங்களில் சினிமா அவனை வெளியே அனுப்பிவிட்டு, வளர்ந்த பிறகு திரும்பக் கூப்பிட்டது.

ஸ்ரீதேவிக்கு அந்த இடைவெளியே கிடைக்கவில்லை. 1963 ஆகஸ்டில் பிறந்தவர், 1969இல் 'துணைவன்' படத்தில் குழந்தையாக வந்தார். 1976இல் 'மூன்று முடிச்சு' வெளியானபோது வயது 13. அந்தப் படத்தில் அவர் ஏற்ற பாத்திரம், மனைவியை இழந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, தன்னை விரும்பிய வாலிபனுக்கே சித்தியாகிற பெண். அடுத்த ஆண்டு 'பதினாறு வயதினிலே' வந்தபோது அவருக்கு 14 முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பையனைப் பத்து வருடம் காத்திருக்க வைத்த அதே தொழில், பெண்ணைக் குழந்தை வேடத்திலிருந்து நேராக மனைவி வேடத்துக்கு நகர்த்தியது. தமிழ்த் திரையில் வளர்வது பற்றிப் பேசும்போது இந்த இரண்டு வாழ்க்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

'பதினாறு வயதினிலே' வந்த 1977இல் சட்டப்படி பெண்ணின் திருமண வயது 15. பத்தாவது முடித்த கதாநாயகி மயிலுக்கு டீச்சராக ஆசை, ஊருக்கு அவளைக் கட்டிக்கொடுக்க ஆசை, ஊரின் ஆசைக்குச் சட்டமும் துணை நின்றது. அடுத்த ஆண்டு, 1978இல், அந்த வயது 18 ஆக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததும் அதே 1978இல்தான். அதற்கு முன் பதினோரு வருடப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பியூசி என்கிற ஓராண்டுப் புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். பழைய படங்களில் காதலிக்கிறவர்கள் எல்லோரும் 'காலேஜ் ஸ்டூடண்ட்' ஆக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பதினாறு, பதினேழு வயதுக்காரர்கள் அங்கேதான் இருந்தார்கள். 1978க்குப் பிறகு அவர்கள் ஒரு வருடம் கூடுதலாகப் பள்ளியிலேயே, சீருடையில், வீட்டின் கண்காணிப்பில் தங்கினார்கள். கல்யாணத்துக்கும் வேலைக்கும் இன்னும் வயது வராத, ஆனால் குழந்தையும் அல்லாத ஒரு கூட்டம் ஊருக்கு ஊர் கண்ணில் படத் தொடங்கியது.

அதை ஒட்டிய மூன்று ஆண்டுகளில் திரையிலும் அவர்கள் தென்பட்டார்கள். பாலுமகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' (1979) மூன்று சிறுவர்களையும் ஊருக்கு வரும் ஓர் ஆசிரியையையும் பற்றியது. உடலைப் பற்றிய அந்த வயதின் ஆர்வத்தைக் கேலி செய்யாமல் காட்டியது. பாரதி-வாசு இரட்டையர் இயக்கிய 'பன்னீர் புஷ்பங்கள்' (1981) ஊட்டிப் பள்ளி ஒன்றில் நடக்கிறது. அதே ஆண்டில் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' வந்தது. சட்டமும் பாடத்திட்டமும் இந்தப் படங்களை உண்டாக்கின என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வயதைத் தனியாக ஓர் இடத்தில் நிறுத்திவைத்த சமூக மாற்றம் நடந்த வேளையில்தான் கதாசிரியர்களுக்கும் அந்த வயது தனியாகத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கதைகளுக்குள் அப்போதே ஒரு பழக்கம் நுழைந்துவிட்டது. 'அழியாத கோலங்கள்' வளர்ந்த ஆணிடமிருந்து தொடங்குகிறது. ஆசிரியை இறந்துபோன செய்தி கடிதத்தில் வர, கமல்ஹாசன் ஏற்ற கௌரிசங்கர் பழையதை நினைக்கிறார். 2002இல் 'அழகி', 2004இல் 'ஆட்டோகிராஃப்', 2018இல் '96' எல்லாமே இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. ஒருவர் தெருவோரம் வறுமையில் இருக்கும் பழைய தோழியைப் பார்க்கிறார், ஒருவர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஊர் ஊராகப் போகிறார், ஒருவர் பள்ளித் தோழர்களின் வாட்ஸப் குழுவில் சேர்கிறார். 'ஆட்டோகிராஃப்' வாழ்க்கையின் வெவ்வேறு கட்டங்களுக்கு நான்கு ஒளிப்பதிவாளர்களைப் பயன்படுத்தி, ஒவ்வொரு வயதுக்கும் தனி ஒளி கொடுத்தது. தொழில்நுட்பமாக அது அருமையான யோசனை. ஆனாலும் எல்லா ஒளியும் ஒரே ஆளின் நினைவுக்குள் விழுகிற ஒளிதான்.

நினைவுச் சட்டகம் போட்டால் திரைக்கதைக்குப் பல வசதிகள் உண்டு. காதல் கைகூடாது என்று பார்ப்பவருக்கு முன்பே தெரிந்துவிடுவதால் பள்ளிக் காதலை ஆதரிக்கிறார்கள் என்ற புகார் எழாது. நட்சத்திரம் முதல் காட்சியிலேயே வந்துவிடுவார். வியர்வை, பரு, அவமானம், தேர்வு பயம் போன்ற கரடுமுரடுகளைப் பின்னணி இசை வழவழப்பாக்கிவிடும். இழப்பு ஒன்றே ஒன்று, ஆனால் பெரிது: அந்தப் பெண் எப்படி வளர்ந்தாள் என்பது கதையில் இருக்காது. பதினைந்து வயதில் விட்டுப்போனவள் அடுத்து வரும்போது மூன்று குழந்தைகளின் தாயாகவோ, விதவையாகவோ, வேலை தேடி நிற்பவளாகவோ இருப்பாள். நடுவில் என்ன நடந்தது என்பதை ஆண் கேட்டுத் தெரிந்துகொண்டு அழுவார். '96' இதில் ஓர் அடி முன்னே போனது. நாயகன் ராமின் மாணவிகளிடம் அவனுடைய பள்ளிக் காதலி ஜானு, நடக்காத ஒன்றை நடந்ததாக மாற்றிச் சொல்கிற காட்சியில் அந்த நினைவைச் சொல்லும் உரிமை சில நிமிடங்களுக்காவது அவள் கைக்கு வருகிறது. படத்திலேயே உயிருள்ள இடம் அதுதான்.

நினைவு வேண்டாம், அந்த வயதின் நிகழ்காலத்திலேயே நின்று எடுப்போம் என்று ஒருவர் துணிந்தால் என்ன ஆகும்? நடைமுறைச் சிக்கல்கள் வரிசை கட்டி வரும்.

முதலில் சட்டம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தமும் 2017இல் வந்த விதிகளும் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட நடிகர்களுக்குக் கணக்கு போட்டுக் கொடுத்திருக்கின்றன. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் போகக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் முன்அனுமதி வேண்டும். ஐந்து குழந்தைக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாளர் இருக்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். எல்லாமே நியாயமான விதிகள்தான். ஆனால் தயாரிப்பு மேலாளர் பார்வையில் இதன் பொருள் என்ன? பெரியவர் ஒருவர் நாளைக்குப் பத்து மணி நேரம் வீதம் 40 நாளில் முடிக்கிற 400 மணி நேர வேலைக்கு, பதின்மூன்று வயதுக் குழந்தையோடு 80 நாள் வேண்டும். 27 நாள் வரம்பு இருப்பதால் அது குறைந்தது மூன்று ஷெட்யூல், அதாவது மூன்று படப்பிடிப்புக் கட்டங்கள். பள்ளி விடுமுறையையும் சேர்த்துப் பார்த்தால் ஆறேழு மாதம் இழுக்கும். பதின்மூன்று வயதுப் பாத்திரத்துக்குப் பதினாறு வயதுக்காரரைத் தேர்வு செய்வது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே பெரும்பாலும் விடை.

அடுத்தது உடம்பு. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் பையன் ஒரு வருடத்தில் 9 செ.மீ. வரை உயரலாம். ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ஷாட்டுகளை ஒரே காட்சியில் ஒட்டினால், கதவு நிலையருகே நிற்கும்போது தோளின் உயரம் காட்டிக்கொடுத்துவிடும். உடை பிரிவினர் ஒரே சீருடையை இரண்டு மூன்று அளவுகளில் தைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெளுக்க வைப்பது இதற்காகத்தான். பெண்களுக்கு இந்த வளர்ச்சி ஏறத்தாழ இரண்டு வருடம் முன்பே வந்துவிடும். நிஜமான எட்டாம் வகுப்பில் பாதிப் பெண்கள் பையன்களைவிட உயரமாக இருப்பார்கள். திரையில் அது 'ஜோடிப் பொருத்தம்' இல்லாததாகப் படும் என்று பயந்து, பையனை இரண்டு வயது மூத்தவனாகவும் பெண்ணை இளையவளாகவும் தேர்வு செய்வார்கள். அதனால்தான் நம் படங்களின் வகுப்பறைகள் எந்தப் பள்ளியையும் போல் இருப்பதில்லை.

எல்லாவற்றையும்விடத் தொல்லை குரல். தமிழில் இன்னும் பெரும்பாலும் படப்பிடிப்பில் எடுக்கும் ஒலியை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, எடிட்டிங்குக்குப் பிறகு டப்பிங் பேசுகிறார்கள். குரல் உடையும் வயதுப் பையன் ஏப்ரலில் நடித்து டிசம்பரில் டப்பிங் அறைக்கு வந்தால், திரையில் இருக்கும் வாய்க்கு அவன் தொண்டை பொருந்தாது. சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி வரை இறங்கியிருக்கலாம். அப்போது வேறு யாரையாவது, பெரும்பாலும் மெல்லிய குரலுள்ள பெண் ஒருவரைப் பேசவைக்கிறார்கள். பேச்சு தெளிவாக இருக்கும், ஆனால் அந்த வயதின் அடையாளமே போய்விடும். வாக்கியத்தின் நடுவில் குரல் பிசிறுவதும், அது தெரிந்துவிட்டதே என்று பையன் குனிந்துகொள்வதும்தான் பதிமூன்று வயது. இதைக் காப்பாற்ற இரண்டே வழி: ஸ்பாட்டிலேயே நேரடி ஒலிப்பதிவு, அல்லது ஒவ்வொரு ஷெட்யூல் முடிந்ததும் அங்கேயே ஓர் அமைதியான அறையில் வசனங்களைத் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்வது. இரண்டாவதற்கு அதிகச் செலவு கிடையாது. முன்யோசனை ஒன்றுதான் வேண்டும்.

பையனுக்கு ஓட்டம் என்றால் பெண்ணுக்குச் சடங்கு. அவள் வளர்வதைத் தமிழ் வெகுஜனக் கலை ஒரே நாளில் முடித்துவிடுகிறது. தென் மாவட்ட வழக்கில் வயதுக்கு வந்தவளைத் தனியே உட்காரவைக்கத் தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து குச்சு என்கிற சின்னக் குடிசை கட்டுவார். தனிப் பாய், தனித் தட்டு, தனித் தம்ளர். சாப்பாட்டில் உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், சில வீடுகளில் பச்சை முட்டை. ஏழு, ஒன்பது, பதினொன்று என ஒற்றைப்படை நாளில் மஞ்சள் நீராட்டு. சீர்த் தட்டுகள், முதல் தாவணி, பிறகு மொய். யாழ்ப்பாணத்தில் இது சாமத்திய வீடு. மாமன் தண்ணீர் வார்க்க, ஆராத்தித் தட்டுகள் வரிசையாக வரும். புலம்பெயர்ந்த ஊர்களிலும் மண்டபமும் வீடியோவுமாக அது பெருகியிருக்கிறது. சினிமாவுக்கு இதில் எல்லாமே கிடைக்கிறது: நிறம், கூட்டம், கேலிப் பாட்டு, மாமன்களுக்குள் சண்டை. வாங்கியதைச் சினிமா திருப்பியும் கொடுத்துவிட்டது. 'கிழக்குச் சீமையிலே' (1993) படத்தின் தாய்மாமன் சீர்ப் பாடல், காதுகுத்தானாலும் சடங்கானாலும் இன்றும் ஒலிபெருக்கியில் கேட்கிறது. மண்டப வாசலில் நிற்கும் ஃபிளெக்ஸில் அந்தப் பெண் குழந்தை கதாநாயகி போலவே நிற்க வைக்கப்படுகிறாள்.

அந்தக் காட்சியில் அவள் எங்கே பார்க்கிறாள் என்று கவனித்தால் குறை புரியும். பெரும்பாலும் தரையை. கேமரா மாமனைப் பார்க்கிறது, தட்டுகளைப் பார்க்கிறது, மறைந்து நின்று எட்டிப்பார்க்கும் முறைப்பையனைப் பார்க்கிறது. அவள் இழந்த பள்ளி நாட்கள், திரும்பிப் போகும்போது வகுப்பில் எழும் கிசுகிசு, பூட்டிக் கிடக்கும் கழிப்பறை, நேற்றுவரை விளையாடிய தெருவில் இன்று நிற்கக்கூடாது என்ற தடை, தன் உடம்பைப் பற்றி ஊருக்கே பத்திரிகை அடித்துச் சொல்லிவிட்டார்களே என்ற கூச்சம், இவற்றில் ஒன்றுகூடப் பாட்டில் வராது. அரசுப் பள்ளிகளில் நாப்கின் கொடுக்கத் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. பெருவாரிப் படங்கள் இன்னும் மஞ்சள் தண்ணீரோடு நிற்கின்றன. வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' (2025) ஒரு பெண்ணைப் பள்ளி நாளிலிருந்து அவளுடைய பார்வையிலேயே தொடர்ந்தபோது, டீசர் வந்ததுமே எழுந்த எதிர்ப்பு இந்த வெற்றிடம் எவ்வளவு கவனமாகக் காக்கப்படுகிறது என்பதைக் காட்டியது.

தணிக்கைச் சான்றிதழிலும் இதே வெற்றிடம் இருந்தது. 1983 முதல் நடப்பில் இருந்த முறையில் யு என்றால் எல்லோருக்கும், யு/ஏ என்றால் 12 வயதுக்குக் கீழுள்ளவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு, ஏ என்றால் 18 முடிந்தவர்களுக்கு. பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் சட்டத்துக்கே படி கிடையாது. பதினைந்து வயதின் குழப்பத்தை உண்மையாக எடுத்தால் ஏ கிடைக்கும் அபாயம். ஏ வாங்கினால் பதினைந்து வயதுக்காரர் பார்க்க முடியாது, மறுசான்றிதழ் இல்லாமல் தொலைக்காட்சிக்கும் போகாது. தமிழ்நாட்டில் 2011 முதல் கேளிக்கை வரி விலக்குக்கு யு சான்றிதழும் நிபந்தனையாயிற்று. 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை, சின்னத் தயாரிப்பாளருக்கு அந்த விலக்குதான் பல நேரம் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவில் நின்றது. அந்த ஆண்டுகளில் பதின்பருவக் கதையோடு போனவரிடம், பையனின் வயதைக் குறையுங்கள் அல்லது கூட்டுங்கள் என்று சொல்வதே வணிக அறிவாக இருந்தது. 2023இல் சட்டம் திருத்தப்பட்டு யு/ஏ இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஓடிடி தளங்களுக்கு 2021லேயே இந்தப் பிரிவுகள் வந்துவிட்டன. இடையில் படிகள் போட்டாயிற்று. ஏறுவதற்குக் கதைகள் வர வேண்டும்.

தமிழின் மிகச் சிறந்த சிறார் படங்கள்கூட அந்த எல்லைக்கு இந்தப் பக்கமே நிற்கின்றன. புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைக் காட்டிய 'பசங்க' (2009), பீட்சாவுக்கு ஏங்கும் அண்ணன் தம்பியின் 'காக்கா முட்டை' (2015 வெளியீடு) இரண்டும் தேசிய விருது பெற்றவை, இரண்டிலும் குரல் உடையாத பிள்ளைகள். தொலைக்காட்சி ஒருவகையில் துணிந்தது: 2006இல் விஜய் டிவியில் தொடங்கிய 'கனா காணும் காலங்கள்' தொடர் நாள்தோறும் பள்ளியைக் காட்டியதால், வகுப்பின் சலிப்பு, சின்னச் சண்டை, வாத்தியார் மீதான பயம் என்று படத்தில் வெட்டுப்படும் பகுதிகளுக்கு இடம் கிடைத்தது.

2024இல் வந்த இரண்டு படங்கள் வேறு வழி கண்டன. 'குரங்கு பெடல்', ராசி அழகப்பனின் சிறுகதையிலிருந்து எடுத்தது, வளர்ச்சியை ஒரு சைக்கிளை வைத்து அளக்கிறது. பெரியவர்களின் பார் வைத்த சைக்கிளில் சிறுவனுக்கு சீட் எட்டாது. இடப்பக்கம் நின்று, பாருக்குக் கீழே உள்ள முக்கோண இடைவெளி வழியாக வலது காலை விட்டு வலப்பெடலைப் பிடிக்க வேண்டும். இடக்கை ஹேண்டில்பாரில், வலக்கை பாரையோ சீட்டையோ அணைத்துக்கொண்டு. உடம்பு முழுக்க ஒரு பக்கம் தொங்குவதால் சைக்கிளை எதிர்ப்பக்கம் சாய்த்தால்தான் நிற்கும். முழங்கால் பாரில் இடிப்பதால் பெடல் முழுச் சுற்று வராது, அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதித்துத்தான் போக வேண்டும். செயின் இருப்பதும் வலப்பக்கமே என்பதால் டிரவுசர் முனை மாட்டினால் விழுவது உறுதி. அதிலிருந்து பார் மேலே, பார் மேலிருந்து சீட்டுக்கு என்று ஒவ்வொரு நிலையும் சில செ.மீ. உயரத்துக்குக் கணக்கு. காதலோ பாட்டோ இல்லாமல் பையன் வளர்வதைக் கண்ணால் பார்க்க வைக்கிற ஏற்பாடு இது. மாரி செல்வராஜின் 'வாழை' அதே வளர்ச்சியைச் சுமையால் அளக்கிறது. விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டிய பையனுக்குப் பள்ளிக்கூடம்தான் ஓய்வு, ஆசிரியை மேல் வரும் பிரியமும் அங்கேதான். வயது கூடக் கூடத் தலையில் ஏறும் தாரும் கூடும் என்பதை அவன் உடம்பே அறிந்திருக்கிறது.

பெண்ணுக்கு இப்படி ஒரு படம் எடுக்க என்ன தடை? பணம் ஒரு தடை: கடன் வாங்கி எடுக்கும் படத்துக்கு வட்டி மாதக் கணக்கில் ஏறுவதால், குழந்தை வளரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். பதினொரு வயதுப் பெண் ஒருத்தியை வைத்து, அவள் பதினான்கைத் தொடுமுன் மூன்று கோடை விடுமுறைகளில், விதிப்படி 27 நாள் வீதம், நாளைக்கு 5 மணி நேரம் எடுத்தால் மொத்தம் 405 மணி நேரம் வரும். 40 நாளில் எடுக்கிற படத்துக்கு ஆகும் அதே நேரம்தான். சிறிய யூனிட், நேரடி ஒலி, ஒரே தெரு, ஒரே பள்ளி. உயரத்தை மறைக்க வேண்டாம், குரலுக்கு ஆள் தேட வேண்டாம், மூன்று அளவில் சீருடை தைக்கவும் வேண்டாம். முதல் கோடைக்கும் மூன்றாம் கோடைக்கும் நடுவில் அவள் வீட்டில் குச்சு கட்டினார்களா, கட்டினால் அதைப் பற்றி அவள் என்ன நினைத்தாள், கேமராவில் அதைச் சொல்ல விரும்புகிறாளா என்று ஒவ்வொரு முறையும் அவளிடமே கேட்டு எழுத வேண்டியிருக்கும்.